கண்ணுக்கு வைத்தியம், நெஞ்சில் ஸ்கேன்: தைமஸுக்குள் ஒரு டி செல் போகும் வழி

போன வருஷம் கார் நெல் அறுவடை முடிந்த கையோடு சேரன்மகாதேவிச் சித்தப்பாவுக்கு இடது கண் இமை தொங்க ஆரம்பித்தது. காலையில் சரியாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆனால் பாதிக் கண் மூடிவிடும். பேப்பரை விரித்தால் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரியும். கண் டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அவர் ரத்தப் பரிசோதனை ஒன்றும், கூடவே நெஞ்சுக்கு ஒரு ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார்.

அன்று ராத்திரியே போன் வந்தது. "கண்ணு சொருவுதுன்னு போனா நெஞ்சைப் படம் புடிக்கச் சொல்லுதாருலே. ஒனக்கு ஏதும் வெளங்குதா?"

விளங்கியது. ஆனால் போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. நான் பாளையங்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறவன். இருபது வருஷமாக "தைமஸ் என்பது டி செல்களின் பள்ளிக்கூடம்" என்று சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறேன். (தைமஸ் நெஞ்சுக்குள் இருக்கிற ஓர் உறுப்பு. டி செல் என்பது கிருமிகளை எதிர்க்கிற ஒரு வகை வெள்ளணு.) தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் அந்த உவமை தானாக வாயில் வரும். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கும்போதுதான் அது தப்பான உவமை என்று பட்டது. பள்ளிக்கூடத்தில் தெரியாததைச் சொல்லித் தருவார்கள். தைமஸ் எந்தச் செல்லுக்கும் எதையும் சொல்லித் தருவதில்லை. இது காசநோய்க் கிருமி, இது தட்டம்மை வைரஸ் என்று அங்கே பாடம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எக்கச்சக்கமாக உண்டாக்குவது, அப்புறம் உதவாததையும் ஆபத்தானதையும் கழித்துத் தள்ளுவது, இவ்வளவுதான் நடக்கிறது. சித்தப்பாவின் பாஷையில் சொன்னால் அது விதைநெல் கழிக்கிற இடம்.

அவருக்கு மூன்று சாயங்காலம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீட் படிக்கிற பிள்ளைகளுக்காகச் சில பெயர்களைச் சேர்த்திருக்கிறேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் இடம் தெரிய வேண்டும்

கழுத்துக்குழியில் விரலை வைத்து அப்படியே கீழே மார்பெலும்புக்கு இறக்குங்கள். அந்த எலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேல் பக்கமாக, இரண்டு மடலாகப் படர்ந்திருப்பது தைமஸ். பிறந்த குழந்தைக்கு 10 முதல் 15 கிராம் இருக்கும். பருவமடைகிற வயதில் 30, 40 கிராம் வரை போகும். அதற்கப்புறம் வருஷா வருஷம் சுருங்கி, அந்த இடத்தில் கொழுப்பு ஏறும். அறுபது வயதுக்காரரைத் திறந்து பார்த்தால் தைமஸ் எது, கொழுப்பு எது என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

இப்போது தாளில் அவரைக்காய் மாதிரி ஒரு வடிவம் வரையுங்கள். அதற்குள் இன்னொன்று சிறியதாக. வெளிவட்டம் கார்டெக்ஸ், உள்வட்டம் மெடுல்லா. இரண்டும் சந்திக்கிற கோட்டில் ஒரு சின்ன வாசல் போடுங்கள். ஒரு செல் அந்த வாசலில் நுழைந்து, வெளிவட்டத்தின் ஓரம் வரை போய், திரும்பி உள்வட்டத்துக்கு வந்து, வெளியேறும். மொத்தக் கதையும் இந்த நடைதான். கூட்டம் கார்டெக்ஸில் நெருக்கமாகவும் மெடுல்லாவில் தளர்வாகவும் இருப்பதால் நுண்நோக்கியில் வெளிவட்டம் கருப்பாகவும் உள்வட்டம் வெளுப்பாகவும் தெரியும். செய்முறைத் தேர்வில் ஸ்லைடைக் கண்டுபிடிக்க அது போதும்.

இந்த உறுப்பு எதற்கு என்று ரொம்ப காலம் யாருக்கும் தெரியவில்லை. தெரியாதது பரவாயில்லை, தெரிந்ததாக நினைத்ததுதான் வினையாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியில் மேலைநாடுகளில், தூக்கத்தில் திடீரென்று இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்தபோது தைமஸ் "பெரிதாக" இருந்தது. அதுதான் மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றது என்று முடிவு கட்டி, நல்ல ஆரோக்கியமான குழந்தைகளின் நெஞ்சுக்கு எக்ஸ்ரே கதிர் கொடுத்துச் சுருக்கினார்கள். உண்மையில் அதுதான் சரியான அளவு. மருத்துவக் கல்லூரிகளுக்குக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. நீண்ட நோயும் பசியும் பட்ட உடலில் தைமஸ் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவைத்தான் இயல்பு என்று புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். கதிர் வாங்கிய குழந்தைகளில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

அப்புறம் 1961. லண்டனில் ழாக் மில்லர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் எலிகளில் ரத்தப் புற்றுநோய் உண்டாக்குகிற வைரஸைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பிறந்த உடனே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்தார். வைரஸ் கொடுக்காத குட்டிகளும் சில மாதத்தில் மெலிந்து, தொற்று வந்து செத்தன. ரத்தத்தில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினால் உடம்பு அதை உதறவே இல்லை, ஒட்டிய தோலில் முடி கூட வளர்ந்தது. அதுவரை தைமஸை லிம்போசைட்டுகள் வந்து செத்து விழுகிற சுடுகாடு என்றே நினைத்திருந்தார்கள். அங்கே சாவு நடப்பது நிஜம்தான். ஆனால் அது எதற்கான சாவு என்பது மில்லருக்குப் பிறகுதான் புரிய ஆரம்பித்தது. தைமஸின் ஆங்கில முதல் எழுத்தைக் கொண்டுதான் டி செல் என்ற பேர் வந்தது.

படி 1: விதை வெளியூரிலிருந்து வருகிறது

டி செல் தைமஸில் பிறப்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கிற ஸ்டெம் செல்லின் வாரிசுகள் ரத்தத்தில் மிதந்து வந்து, நீங்கள் போட்ட அந்த வாசல் வழியாக, ரத்த நாளத்திலிருந்து நுழைகின்றன. நுழையும்போது அது டி செல் இல்லை. கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்கிற பி செல்லாகவோ வேறு சில வெள்ளணுக்களாகவோ ஆகிற வாய்ப்பும் அதற்கு இன்னும் இருக்கிறது.

உள்ளே தைமஸின் எபிதீலியல் செல்கள் வலை மாதிரிப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் மேல் டி.எல்.எல்.4 என்ற புரதம் இருக்கும். வந்த செல்லின் மேல் நாட்ச் 1 என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து சமிக்ஞை வாங்குகிற புரதம். இரண்டும் தொட்டுக்கொண்டதும் மற்ற வழிகள் அடைபட்டு, டி செல் வழி மட்டும் திறக்கிறது. நாட்ச் 1 மரபணுவை எலியில் நீக்கிப் பார்த்தார்கள். அதே தைமஸுக்குள் பி செல் முளைத்தது! இந்த வலையை நெய்ய ஃபாக்ஸ் என் 1 என்ற மரபணு வேண்டும். அது கெட்டுப்போன எலிக்குத் தைமஸும் இல்லை, முடியும் இல்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கிற மொட்டை எலி அதுதான்.

படி 2: ஏற்பி என்கிற குலுக்கல்

இனி செல் வெளிவட்டத்தின் ஓரத்தை நோக்கி நகர்கிறது. இப்போது அதன் மேல் சி.டி.4, சி.டி.8 என்ற இரண்டு அடையாளங்களும் இல்லை. அதனால் புத்தகத்தில் "இரட்டை எதிர்மறை" நிலை என்று எழுதியிருக்கும்.

இங்கே நடப்பதை என் மாணவர்கள் யாரும் முதல் தடவை நம்பியதில்லை. செல் தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி ஒட்டுகிறது.

டி செல்லின் ஏற்பியில் இரண்டு சங்கிலிகள்: ஆல்ஃபா, பீட்டா. முதலில் பீட்டா. அந்த மரபணு முழுசாக எழுதி வைக்கப்படவில்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது. மனிதரில் வி வகைத் துண்டுகள் ஐம்பதை ஒட்டி, டி வகை 2, ஜே வகை 13. (இந்த டி வேறு, டி செல்லின் டி வேறு. தமிழில் எழுதினால் வருகிற தொல்லை இது.) ராக் 1, ராக் 2 என்ற இரண்டு நொதிகள் சேர்ந்து ஒரு வி, ஒரு டி, ஒரு ஜே என்று பொறுக்கி, இடையில் இருப்பதை வெட்டி எறிந்து, ஒட்ட வழி செய்கின்றன. ஒட்டுகிற இடத்தில் இன்னொரு நொதி வந்து மனம்போன போக்கில் சில எழுத்துகளைச் சொருகிவிட்டுப் போகிறது. அந்தச் சொருகலில்தான் பெரும்பகுதி வேற்றுமை உண்டாகிறது. ஆல்ஃபாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், உண்டாகக்கூடிய ஏற்பிகளின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின்னால் 15 சுழியம் போடுகிற அளவுக்குப் போகும். நம் உடம்பில் அத்தனை செல்லே கிடையாது. ஒவ்வொருவரும் அந்தக் கடலில் ஒரு கை அள்ளி வைத்திருக்கிறோம்.

ஆன்டிபாடி மரபணுக்கள் இப்படித்தான் வெட்டி ஒட்டப்படுகின்றன என்று கண்டுபிடித்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது. டி செல் ஏற்பியின் மரபணுவை 1984-ல் பிரித்தெடுத்தார்கள். அதிலும் அதே உத்திதான்.

"அப்ப எந்தக் கிருமிக்குன்னு பாத்துச் செய்யலியா?" என்றார் சித்தப்பா. இல்லை. உலகத்தில் இன்னும் தோன்றாத ஒரு வைரஸுக்குப் பொருந்துகிற ஏற்பி இப்போதே நம் உடம்பில் இருக்கலாம். நம் சொந்தக் கணையத்துக்குப் பொருந்துகிற ஏற்பியும் அதே குலுக்கலில்தான் விழுகிறது. இதன் பிறகு வருகிற படிகள் எல்லாம் அந்த இரண்டாவது சங்கதியைச் சமாளிக்கத்தான்.

படி 3: பாதிச் சாமானுக்கு ஒரு சோதனை

மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படும். கண்டபடி சொருகியதால் மூன்றில் ஒரு தடவைதான் வாசிப்பு சரியாக விழும். ஆகவே பீட்டா ஒழுங்காக வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆல்ஃபா இன்னும் தயாராகவில்லை என்பதால், எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு டம்மி ஆல்ஃபாவோடு பீட்டாவைச் சேர்த்துப் பார்க்கிறது செல். சேர்ந்து நின்றால் சமிக்ஞை போகும். வெட்டுகிற நொதி நிற்கும். செல் மளமளவென்று பெருகும். சேரவில்லை என்றால், இன்னொரு குரோமோசோமில் முயற்சி செய்யும். அதுவும் போனால் சாவு.

இந்தப் பெருக்கத்தில் ஒரு சிக்கனம் இருக்கிறது. நல்ல பீட்டா ஒன்று கிடைத்ததும் அதை வைத்துப் பல பிரதி எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பிரதியும் தனித்தனி ஆல்ஃபாவை முயன்று பார்க்கலாம். ஒரே உழைப்பில் பல ஏற்பிகள் கிடைக்கும். காமா, டெல்டா என்ற வேறு சங்கிலி ஜோடியோடு பிரிந்து போகிற ஒரு சிறுபான்மையும் இங்கே உண்டு. அவை தனிக் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 4: உப்புத் தண்ணீர்

பெருகிய செல்கள் இப்போது சி.டி.4, சி.டி.8 இரண்டையும் மேலே போட்டுக்கொள்கின்றன. தைமஸில் இருக்கிற செல்களில் நூற்றுக்கு எண்பது இந்த "இரட்டை நேர்மறை" நிலையில்தான் இருக்கும். ஆல்ஃபா சங்கிலி வெட்டி ஒட்டப்படுகிறது. பீட்டா மாதிரி இல்லை, இதில் தாராளம் அதிகம். ஜே துண்டுகளே அறுபது அளவில் இருப்பதால் ஒன்று சரிவராவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லையா இன்னொன்று என்று செல் திரும்பத் திரும்ப முயலலாம். ஆனால் கெடு மூன்று நாலு நாள்தான்.

கெடுவுக்குள் என்ன செய்ய வேண்டும்? இங்கே எம்.எச்.சி. என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பின் செல்கள் தமக்குள் இருக்கிற புரதங்களை நறுக்கி, சின்னத் துண்டுகளை ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டுதான் எம்.எச்.சி. மனிதரில் எச்.எல்.ஏ. என்பார்கள். கிட்னி மாற்றும்போது "மேட்ச் பார்க்கிறது" இதைத்தான், ஏனென்றால் ஆளுக்கு ஆள் தட்டு வேறு. டி செல் கிருமியை நேராகப் பார்க்காது. தட்டையும் அதில் இருக்கிற துண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். அதுவும் தன் வீட்டுத் தட்டாக இருக்க வேண்டும். 1974-ல் கான்பராவில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்டியும் எலிகளில் கண்டுபிடித்தது இதை. 1996-ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்ததும் இதுதான்.

சரி, குலுக்கலில் விழுந்த ஏற்பிகளில் பெரும்பாலானவை நம் வீட்டுத் தட்டைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அப்படிப்பட்ட செல் உடம்பில் சுற்றி என்ன பிரயோஜனம்? கார்டெக்ஸில் எபிதீலியல் செல்கள் தட்டுகளை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. செல் வந்து தொட்டுப் பார்க்கிறது. லேசாகவாவது ஒட்டினால், "பிழைத்துக்கொள்" என்று ஒரு சமிக்ஞை கிடைக்கும். ஒட்டவே இல்லையென்றால் யாரும் அதைக் கொல்ல வருவதில்லை. கவனிப்பார் இல்லாமல் தானே செத்துப்போகும். பத்தில் ஒன்பதுக்கு மேல் இப்படித்தான் போகின்றன. பக்கத்தில் இருக்கிற பெருவிழுங்கிகள் உடனுக்குடன் சாப்பிட்டுவிடுவதால் பிணக்குவியலும் தெரியாது.

சித்தப்பா இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிசானப் போகத்துக்கு அம்பை 16 ரக நாற்றுப் பாவும்போது அவர் செய்கிற வேலை இது. முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, விதைநெல்லை அதில் கொட்டுவார். மேலே மிதக்கிற சாவியை, அதாவது மணி பிடிக்காத பதரை, அரித்துத் தள்ளிவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசி எடுத்துக்கொள்வார். நெல்லுக்கு நீங்கள் எதையும் கற்றுத் தரவில்லை. கனம் அதிலேயே இருந்தது, இல்லாவிட்டால் இல்லை. கார்டெக்ஸ் செய்வதும் அவ்வளவுதான். இதற்கு நேர்மறைத் தேர்வு என்று பேர்.

உவமை இதோடு முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெல்லில் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. தைமஸில் ரொம்ப இறுக்கமாக ஒட்டுகிற செல் ஆபத்து. ஏனென்றால் அங்கே தட்டில் இருப்பதெல்லாம் நம் சொந்தப் புரதத் துண்டுகள்.

மாணவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று இங்கே வரும்: "சார், சொந்தத் துண்டோடு லேசாக ஒட்டுகிற செல் கிருமியை எப்படி சார் பிடிக்கும்?" நல்ல கேள்வி. தட்டு அதே தட்டு, அதில் துண்டு மட்டும் மாறும். சொந்தத் துண்டு இருக்கும்போது உரசிவிட்டுப் போகிற ஏற்பி, அதே தட்டில் வைரஸின் துண்டு வந்து உட்காரும்போது இறுகப் பிடித்துக்கொள்ளலாம். எது அப்படிப் பிடிக்கும் என்று தைமஸுக்குத் தெரியாது. தட்டைப் பார்க்கத் தெரிந்தவற்றை எல்லாம் வைத்துக்கொண்டால் அதில் சில உதவும் என்பதுதான் ஏற்பாடு.

படி 5: நாலா, எட்டா

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். தட்டில் இரண்டு வகை. முதல் வகைத் தட்டைப் பிடித்த செல் சி.டி.8-ஐ வைத்துக்கொண்டு சி.டி.4-ஐ விட்டுவிடும், பின்னாளில் வைரஸ் புகுந்த செல்லைக் கொல்கிற வேலைக்குப் போகும். இரண்டாம் வகைத் தட்டைப் பிடித்தது சி.டி.4-ஐ வைத்துக்கொள்ளும், மற்றச் செல்களை ஏவி உதவுகிற வேலை. எச்.ஐ.வி. குறிவைப்பது இந்தச் சி.டி.4 செல்களை. தேர்வுக்கு நினைவு வைக்க ஒரு வழி: வகையையும் எண்ணையும் பெருக்கினால் எட்டு வர வேண்டும். ஒன்றும் எட்டும், இரண்டும் நாலும்.

படி 6: கலவன் எடுத்தல்

என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் அதிசயம் இந்தப் படிதான்.

தேறிய செல்கள் உள்வட்டத்துக்கு, மெடுல்லாவுக்கு வருகின்றன. தட்டோடு லேசாகவாவது ஒட்டத் தெரிந்தவை இவை. இவற்றில் சில நம் சொந்தத் துண்டுகளோடு இறுக ஒட்டுபவை. அவற்றை இங்கேயே பொறுக்கி எடுக்க வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். தைமஸில் தைமஸின் புரதம் இருக்கும். இன்சுலின் கணையத்தில்தானே சுரக்கிறது? தைரோகுளோபுலின் தைராய்டில். விழித்திரைப் புரதம் கண்ணில். இவற்றைத் தாக்கப்போகிற செல்லைத் தைமஸுக்குள் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

மெடுல்லாவின் எபிதீலியல் செல்கள் உடம்பில் வேறெங்கோ இருக்க வேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களைத் தாமே சிறிது சிறிதாக உண்டாக்கிக் காட்டுகின்றன. இன்சுலின் கொஞ்சம், தைராய்டுப் புரதம் கொஞ்சம், கண்ணுடையது கொஞ்சம். கண்காட்சி மாதிரி மொத்த உடம்பும் அங்கே சாம்பிளாக வைக்கப்பட்டிருக்கிறது. இதில் பெரும்பகுதியை நடத்துகிற மரபணுவின் பெயர் ஏர். ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது. உழுகிற ஏருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். "மண்ணைப் புரட்டி அடியில கெடக்கதை மேல கொண்டாருததுதானலே ஏரு" என்றார் சித்தப்பா. மறுக்க முடியவில்லை. செல்லில் மூடிக் கிடக்கிற மரபணுக்களைத்தான் இதுவும் திறக்கிறது.

சொந்தத் துண்டை இறுகப் பிடித்த செல்லுக்குச் சாவுச் சமிக்ஞை போகிறது. முன்பு சொன்ன சாவு கேட்பாரற்ற சாவு. இது குறிவைத்த சாவு. இரண்டுக்கும் வேறுபாடு எழுதச் சொல்லிக் கேள்வி வரும். எபிதீலியல் செல்களிலிருந்து புரதங்களை வாங்கித் தாமும் காட்டுகிற டென்ட்ரிடிக் செல்களும் இதில் உதவுகின்றன. விதைப்பண்ணையில் கதிர் வந்த பிறகு வயலில் இறங்கி, உயரமோ கதிரோ மாறி நிற்கிற பயிரைப் பிடுங்குவதைக் கலவன் நீக்குவது என்பார்கள். அதேதான். உப்புத் தண்ணீரில் சாவி போகும், கலவன் போகாது. அதற்குத் தனியாக ஒரு நடை நடக்க வேண்டும்.

ஏர் மரபணு 1997-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது இரண்டு பிரதியிலும் கெட்டுப்போய்ப் பிறக்கிறவர்களுக்கு அரிதான ஒரு நோய் வருகிறது. பாராதைராய்டு, அட்ரினல் என்று சுரப்பிகள் ஒவ்வொன்றாகச் சொந்த உடம்பாலேயே தாக்கப்படும். பின்லாந்திலும் சார்டினியாவிலும் இது மற்ற இடங்களைவிட அதிகம். 2002-ல் எலியில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கண்காட்சியில் பொருள் குறைந்துவிட்டது, பிடிபட வேண்டிய செல்கள் பிடிபடாமல் வெளியேறிவிட்டன.

படி 7: கொல்லாமல் காவலுக்குப் போடுவது

இறுகப் பிடித்தவை எல்லாம் சாவதில்லை. சாவுக்குக் கொஞ்சம் குறைவான இறுக்கத்தில் இருப்பவற்றில் சில, ஃபாக்ஸ் பி 3 என்ற மரபணுவை முடுக்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தும் டி செல்களாக மாறுகின்றன. சொந்த உடம்பை அடையாளம் தெரியும், ஆனால் தாக்காது. தாக்க வருகிற மற்ற டி செல்களை அடக்கி வைக்கும். தைமஸில் தப்பியவற்றுக்கு வெளியே போடுகிற காவல் இது.

மில்லர் எலியின் தைமஸைப் பிறந்த அன்றே எடுத்தார், எலிக்கு எதிர்ப்பு சக்தியே இல்லாமல் போனது. ஜப்பானில் மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு சக்தி கொஞ்சம் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அந்த எலிகளின் உடம்பு தன் சொந்த உறுப்புகளையே தாக்க ஆரம்பித்தது. தாக்குகிற செல்கள் முதலில் வெளியே போய்விட்டன, காவல் செல்கள் போவதற்குள் தைமஸை எடுத்தாகிவிட்டது. இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு போன ஷிமோன் சகாகுச்சிக்கும், ஃபாக்ஸ் பி 3 மரபணுவைக் கண்டுபிடித்த மேரி பிரன்கோவுக்கும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லுக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

படி 8: வெளியே

மிஞ்சிய செல் தன் மேல் எஸ்1பி1 என்ற ஏற்பியைப் போட்டுக்கொள்ளும். ரத்தத்தில் அதிகமாகவும் தைமஸுக்குள் குறைவாகவும் இருக்கிற ஒரு கொழுப்புப் பொருளை மோப்பம் பிடித்து, நுழைந்த அதே பகுதியின் ரத்த நாளங்கள் வழியாக வெளியேறும். எலியின் தைமஸில் ஒரு நாளைக்கு 5 கோடி செல்கள் உருவாகின்றன. வெளியே போவது 10 முதல் 20 லட்சம். மூட்டை நெல்லைக் கொட்டிப் படி நெல்லை எடுத்துப் போகிற வியாபாரம்.

இப்போது சித்தப்பாவின் கண்

ரத்தப் பரிசோதனை முடிவில் மயஸ்தீனியா கிராவிஸ் என்று வந்தது. நரம்பு முனையிலிருந்து வருகிற அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ள தசையில் ஏற்பிகள் இருக்கும். அந்த ஏற்பிகளைச் சொந்த ஆன்டிபாடிகளே அடைத்தும் அழித்தும் விடுகின்றன. தசை வேலை செய்யச் செய்யச் சோர்கிறது. நாள் முழுக்க ஓயாமல் வேலை பார்க்கிற இமைத் தசையில் அது முதலில் தெரிகிறது, அதுவும் சாயங்காலத்தில். ஆன்டிபாடி செய்வது பி செல். ஆனால் அதை ஏவி விடுவது தைமஸிலிருந்து வந்த சி.டி.4 செல்.

ஸ்கேனில் மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி. தைமோமா. இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இருக்கும். நரம்பு டாக்டர் கண்ணுக்காக நெஞ்சைப் பார்த்தது அதற்குத்தான்.

கட்டிக்கும் கண்ணுக்கும் தொடர்பு எங்கே என்று இதுவரை தாளில் வரைந்துகொண்டே வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தைமோமா என்பது எபிதீலியல் செல்கள் பெருகிய கட்டி. பல தைமோமாக்களில் கார்டெக்ஸ் மாதிரிப் பகுதி இருக்கும், அங்கே டி செல்கள் உருவாகவும் செய்யும். ஆனால் மெடுல்லா ஒழுங்காக இருக்காது, ஏர் வேலை செய்வதும் அரிது. அதாவது படி 4 நடக்கிறது, படி 6 நடப்பதில்லை. உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தாகிவிட்டது, கலவன் எடுக்க ஆள் இல்லை.

சித்திக்கு வேறு கவலை. "அதை வெட்டி எடுத்துட்டா பொறவு ஒரு காய்ச்ச தாங்குவாவளா, எய்யா?" அவர்கள் கேட்டது நியாயம். இந்த வயதில் தைமஸ் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஏற்கெனவே வெளியே போன டி செல்கள் உடம்பில் பெருகிக்கொண்டு பல வருஷம் இருக்கும், பழைய நோய்களின் நினைவும் அவற்றோடு இருக்கும். குழந்தையின் தைமஸை எடுப்பது மாதிரி இல்லை இது. அதற்காக ஓய்ந்த உறுப்புதானே என்று அலட்சியமாகவும் எடுக்கக் கூடாது. நெஞ்சு அறுவையின்போது தைமஸை இழந்த பெரியவர்களுக்கு, இழக்காதவர்களைவிடப் புற்றுநோயும் இறப்பும் கூடுதலாக இருந்ததை 2023-ல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. கட்டி இருக்கிறது என்றால் யோசனைக்கு இடமில்லை. கட்டி இல்லாத மயஸ்தீனியாவிலும் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறவர்களுக்குத் தைமஸை எடுப்பது பலன் தருகிறது என்று 2016-ல் பல நாடுகளில் சேர்ந்து நடத்திய சோதனையில் தெரிந்தது. யாருக்கு, எப்போது என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தை மாதம் அறுவை நடந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். "அதான் கட்டியை எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று முதல் வாரமே தகராறு. தைமஸை எடுத்தால் இனிமேல் புதுக் கலவன் வராது. ஏற்கெனவே வெளியே போய்விட்டவை உடம்பில்தான் இருக்கின்றன, அவற்றைத் திரும்பக் கூப்பிட வழியில்லை, அது அடங்க மாதங்களோ வருஷங்களோ ஆகும் என்று சொன்னேன். வயல்காரருக்கு அதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷம் கலவன் விழுந்த வயலில் அடுத்த பூவிலும், அதாவது அடுத்த போகத்திலும், தானாக முளைத்து வரும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டதும் நாற்றுப் பாவ நிற்கிறார். பேப்பரை மட்டும் காலையிலேயே படித்து முடித்துவிடுகிறார்.